கனடாக் கோட்

காலை ஆறரை மணி. டிலான் கிணற்றடியில் பெனியனும் காற்சட்டையுமாய் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தான். வினிபிரட் தன்னுடைய குசினி யன்னலுக்குள்ளால் கையை நீட்டி அவனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

போனில் படம் விழுகிற சத்தம் டிலானின் தாய் ஜெயந்தினிக்குத் தன்னுடைய குசினியில் நின்றபடியே கேட்டது. அந்தச் சத்தத்தை நிறுத்தி வைக்கலாம் என்பது வினிபிரட்டுக்குத் தெரியாமல் இல்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். கேட்கட்டும் என்றுதான் வைத்திருந்தாள். ஜெயந்தினி பாண் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தாள். படம் கட்டாருக்குப் போய்ச் சேரவேண்டும். அங்கே விடிய முன்னமே வேலைக்கு வெளிக்கிடுகிற அவளுடைய புருஷன் நேசராஜா அதைப் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்குப் போன் எடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் போதும்.

நாலாவது நிமிஷமே போன் அடித்தது.

"பிள்ளை ஏன் உடுப்பில்லாமல் பனிக்குள்ளை நிக்கிறான்?"

"உடுப்போடைதான் நிக்கிறான். பெனியன் போட்டிருக்கிறான்."

"மார்கழிப் பனிக்குப் பெனியன் ஒரு உடுப்பே? விடியக்காலமை எழும்பிப் படம் எடுத்து அனுப்ப, அக்கா என்ன விசரியே?"

அந்தக் கேள்விக்கு ஜெயந்தினியிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. சொன்னால் ஒரு மாதத்துக்கு அவன் கதைக்கமாட்டான். ஆகவே விழுங்கிக்கொண்டாள்.

அந்த வீட்டில் ஒரு கூரைக்குக் கீழே இரண்டு குசினி. கோப்பாயில் வீதியோரம் நிற்கிற பழைய கல்வீடு அது. வினிபிரட்டுக்குச் சீதனமாய் எழுதிக் கொடுத்தது. வீடு வந்ததே தவிர மாப்பிள்ளை வரவில்லை. தாய் கண்ணை மூடியபிறகு தம்பி நேசராஜாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஆளாக்கியது அவள்தான். அந்தத் தம்பி ஒருநாள் கிளிநொச்சியிலிருந்து சீதனம் எதுவும் இல்லாமல் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். வினிபிரட் ஆலயத்தில் முன்வரிசை வாங்கில் இருந்து கலியாணத்தைப் பார்த்தாள். வந்த சனத்துக்குக் கேக் வெட்டிக் கொடுத்தாள். அடுத்த மாதமே மேசனைக் கூப்பிட்டு வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினாள். முன்பக்கம் அவளுக்கு, பின்பக்கம் தம்பி குடும்பத்துக்கு. கிணறு ஒன்றுதான். அதற்கு நடுவே சுவர் கட்ட அவளால் முடியவில்லை.

பிள்ளைகள் பிறந்தபிறகு சண்டைக்கு ஒரு காரணம் கிடைத்தது. டிலானுக்கும் ஜொய்சிக்கும் உடம்பில் துணி தங்காது. அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஆறு. மார்கழி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கினால் கோப்பாய் முழுக்க மூடிக் கட்டிக்கொண்டு திரியும். ஓட்டோக்காரர் காதை மூடித் தொப்பி போடுவார்கள். பால்காரர் துவாயைத் தலையில் சுற்றி நாடிக்குக் கீழே முடிச்சுப் போடுவார். இந்த இரண்டும் அதற்குள் கையில்லாத சட்டையோடு, வெறுங்காலோடு, புல்லில் கிடக்கிற பனியை உழக்கிக்கொண்டு ஓடும். சுவெற்றரைப் போட்டுவிட்டால் டிலான் கழுத்தைச் சொறிந்து சிவக்கவைப்பான். ஜொய்சி அவ்வளவு மெனக்கெடமாட்டாள். போட்டுவிட்ட கையை எடுக்க முன்னமே கழற்றி எறிந்துவிடுவாள். "உள்ளுக்கை காத்து வரேல்லை அம்மா," என்பாள்.

ஜெயந்தினி அதை விட்டுப்பிடித்ததற்கு நியாயம் இருந்தது. டிலானுக்கு மூன்று வயதில் முட்டு வந்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குழி விழுகிற வருத்தம். வினிபிரட் அன்றைக்கே இரண்டு சுவெற்றர், காலுறை, தொப்பி எல்லாம் போட்டு அவனைப் பொதி கட்டினாள். விடியப்புறம் பிள்ளை வியர்வையில் தோய்ந்து, அந்த வியர்வை உடம்பில் குளிர்ந்து, மறுபடி இழுத்தது. மூன்று நாளும் இதே கதை. நாலாம் நாள் ஜெயந்தினி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் பெனியனோடு படுக்கவைத்தாள். பிள்ளை விடியும்வரை அசையாமல் நித்திரை கொண்டான். கிளினிக்கில் இதைச் சொன்னபோது டொக்டர் சிரித்தார். "பிள்ளைக்குக் குளிர்ந்தால் பிள்ளையே சொல்லும். அப்ப போர்த்துவிடுங்கோ, காணும்," என்றார். அதற்குப் பிறகு ஆறு வருஷமாய் முட்டு எட்டிப் பார்க்கவில்லை. அது தன்னுடைய செபத்தின் பலன் என்று வினிபிரட் சபை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஜெயந்தினி பொறுமைசாலி என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். அவளிடம் ஒரு வசனம் இருந்தது. இரண்டு வருஷமாய் வாய்க்குள் வைத்துத் தீட்டிக்கொண்டிருந்த வசனம்.

மாடுகள் குளிரில் செத்த மார்கழி அது. மூன்று நாள் விடாத காற்றும் தூறலும். வினிபிரட்டிடம் றோசி என்று ஒரு ஜேர்சி மாடு நின்றது. இந்த உலகத்தில் அவள் வாய்விட்டுக் கொஞ்சுகிற ஒரே உயிர் அதுதான். அன்றைக்குப் பின்னேரம் அவள் சணல் சாக்குகளை ஒன்றோடொன்று தைத்து, மாட்டின் முதுகில் போட்டு, வயிற்றோடு சேர்த்துக் கயிறு கட்டினாள். கொட்டிலின் ஒருபக்கத்துக்கு மறைப்பு இல்லை. தூறல் அடித்துச் சாக்கு ஊறியது. காலையில் றோசி காலை நீட்டிக் கிடந்தது.

புதைப்பதற்கு உதவ வந்தவர் எதிர்வளவுத் தோட்டக்காரர் ஏரம்பு. அவருடைய மாடு இரண்டும் வெறும் முதுகோடு சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்று பிழைத்திருந்தன. அவர் சாக்கைப் பிழிந்து பார்த்துவிட்டு ஜெயந்தினியிடம் மட்டும் மெல்லச் சொன்னார்:

"நனைஞ்ச சாக்கு முதுகிலை ஒட்டிக் கிடந்தால் குளிர் உடம்பை விட்டுப் போகாது பிள்ளை. சும்மா விட்டிருந்தால் மாடு தப்பியிருக்கும். ரீச்சருக்குச் சொல்லிப்போடாதை. பாவம், மனுசி தாங்காது."

ஜெயந்தினி சொல்லவில்லை. பாவம் பார்த்து அல்ல. 'றோசியைக் கொன்றது குளிர் இல்லை மச்சாள், நீங்கள் கட்டின சாக்கு.' இது எப்போதாவது தேவைப்படும் என்று எடுத்து வைத்திருந்தாள்.

இந்த மார்கழி பிறந்ததும் கனடாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. நேசராஜாவின் தம்பி பிரகாஸ் அங்கே இருக்கிறான். வினிபிரட் அவனிடம் கேட்டு வரவழைத்தது. அவனுடைய பிள்ளைகள் வளர்ந்து கழித்த குளிர்க்கோட் இரண்டு உள்ளே இருந்தன. பஞ்சு வைத்துத் தைத்து, முழங்கால் மட்டும் தொங்கி, கழுத்துவரை பெரிய பெரிய பொத்தான் வைத்த கோட். மேலே விழுகிற பனியைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போகிற நாட்டுக்காகத் தைத்தது. டிலான் போட்டுப் பார்த்துவிட்டு, கையைக் கீழே விடமுடியாமல் அறைக்கு நடுவே நின்றான்.

"அம்மா, இதுக்குள்ளை ஏற்கெனவே ஆரோ இருக்கினம்," என்றான்.

ஜெயந்தினிக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் வினிபிரட் நிற்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"நத்தார் ஒளிவிழாவுக்குப் பிள்ளையள் உதோடைதான் வரவேணும்," என்றாள் வினிபிரட். "ரீச்சரின்ரை மருமக்களுக்குப் போட உடுப்பு இல்லையோ எண்டு சபைச் சனம் கேக்குது."

"கேட்ட சனத்துக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"தாய்க்கு அக்கறை இல்லை எண்டன். உள்ளதைத்தானே சொல்லவேணும்."

"முட்டு வந்து ஆறு வருசமாச்சு மச்சாள். அக்கறை இல்லாமலே அவன் சுகமாய் இருக்கிறான்?"

"கதைக்க உமக்குச் சொல்லித்தரவேணுமே," என்றாள் வினிபிரட். "நீர் இப்ப கதையும். தம்பி வரட்டும்."

தம்பி வரும்வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. அன்று பின்னேரமே நேசராஜாவின் போன் வந்தது. இந்தத் தடவை அவன் கத்தவில்லை. 

"தெளிவாய்ச் சொல்லுறன் ஜெயந்தினி. நத்தாருக்கு நான் வாறன். அதுக்குள்ளை இன்னொரு படம் உப்பிடி வந்துதெண்டால், தை மாசம் பள்ளிக்கூடம் தொடங்கப் பிள்ளையள் அக்காவோடை முன்பக்கத்திலை இருப்பினம். நீர் கிளிநொச்சியிலை உம்மடை வீட்டை போய் இரும். ஒளிவிழாவுக்கு ரண்டு பேரும் கோட்டோடை நிக்கிற படம் எனக்கு வரவேணும்."

"என்ரை பிள்ளையளை என்னட்டை இருந்து பறிக்கப் போறியள். அப்பிடித்தானே?"

"பறிக்கிறதில்லை. வளர்க்கத் தெரிஞ்ச ஆள் வளர்க்கட்டும்."

அன்றைக்கு ஜெயந்தினி உண்மையாகவே பயந்தாள். வீடு வினிபிரட்டுடையது. புருஷன் வினிபிரட் வளர்த்தவன். சபையும் அவளுடைய பக்கம். தன் பக்கத்தில் இருப்பது சுவெற்றர் போடாத இரண்டு பிள்ளைகள் மட்டும்தான் என்று கணக்குப் பார்த்தாள்.

ஒளிவிழா சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் போடுகிற கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் டிலான் மேய்ப்பன், ஜொய்சி தேவதூதன். நாடகம் பழக்கியது வினிபிரட். அவள் சோடனைச் சாமான்களோடு பன்னிரண்டு மணிக்கே ஓட்டோவில் போய்விட்டாள். ஜெயந்தினிக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. நத்தார்க் கிழமையில் லீவு கேட்டால் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் பிள்ளைகளை ஸ்கூட்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பவேண்டும்.

டிலானைக் கதிரையில் ஏற்றி நிறுத்திக் கோட்டை மாட்டினாள்.

"அம்மா, மேய்ப்பருக்குக் கோட் இல்லை."

"இண்டைக்கு இருக்கு."

"கழுத்து கடிக்குது."

"கடிக்கட்டும்."

கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாய்ப் பூட்டிக்கொண்டு வந்தாள். கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டு அவனுடைய நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கினாள்.

"இஞ்சை பார். உதை நீ கழட்டினியெண்டால் அம்மா உங்களோடை இருக்கேலாது. அப்பா என்னை அனுப்பிப்போடுவார். நான் வந்து கழட்டு எண்டு சொல்லுமட்டும் ஆர் சொன்னாலும் கழட்டக்கூடாது. மாமி சொன்னாலும் கழட்டக்கூடாது. விளங்குதோ?"

டிலான் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்த கையை எடுத்தான். "ஓம்," என்றான்.

ஒரு பிள்ளைக்குச் சொல்லக்கூடாத கதை அது. சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். சொன்னால் அவன் கேட்பான் என்பதும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஜொய்சியைத் தேவதூதனின் செட்டை காப்பாற்றியது. கடதாசியில் வெட்டி ஒட்டின வெள்ளைச் செட்டைக்கு மேல் கோட் போடமுடியாது. செட்டை கட்ட முன்னம் படத்துக்கு மட்டும் கோட்டை மாட்டி, விறாந்தையில் இரண்டு பேரையும் நிறுத்திப் படம் எடுத்தவுடன், அவள் அதைக் கழற்றிக் கதிரைக்குப் பின்னால் எறிந்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு, செட்டையைக் கட்டிக்கொண்டு ஓடிவந்து ஸ்கூட்டியில் ஏறினாள். படத்தை ஜெயந்தினி கட்டாருக்கு அனுப்பினாள்.

பாதி வழியில் தூறத் தொடங்கியது. மழை என்று சொல்லமுடியாத, ஆனால் விடாத தூறல். ஸ்கூட்டியில் இருந்தது ஒரேயொரு பொலித்தீன் தாள். அதை அவள் ஜொய்சியின் செட்டைக்கு மேலால் போர்த்தினாள். கடதாசி நனைந்தால் தேவதூதன் இல்லை, வினிபிரட் அதற்கும் ஒரு வழக்கு வைப்பாள்.

"எனக்கு?" என்றான் டிலான் பின்னாலிருந்து.

"உனக்குத்தான் கோட் இருக்கே."

சபை மண்டப வாசலில் இறக்கிவிட்டபோது கோட்டின் நீலம் கறுத்துப் போயிருந்தது. டிலான் தோளை உயர்த்திக்கொண்டு நின்றான்.

"அம்மா, உள்ளுக்கை ஈரம் வருது."

"கொஞ்ச நேரத்திலை காயும். கழட்டாதை."

கடைக்கு நேரமாகிவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மூன்றரை மணிக்கு நேசராஜாவிடமிருந்து பதில் வந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று, அதற்குக் கீழே ஒரு வரி. 'இப்பதான் எங்கடை பிள்ளையள் பிள்ளையள் மாதிரி இருக்கினம்.' ஜெயந்தினி மா நிறுத்துக்கொண்டிருந்த கையோடு அதை இரண்டு தடவை வாசித்தாள். சந்தோஷம் வந்தது. பொய் சொல்லக்கூடாது, வெட்கமில்லாத சந்தோஷம். வினிபிரட்டின் முகத்தை நினைத்துப் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொண்டாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிற றஜிதா.

"அக்கா, டிலானுக்கு மூச்சு இழுக்குது. ரீச்சர் ஓட்டோவிலை ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிட்டா. ஜொய்சியும் கூடப் போயிட்டாள். கெதியாய் வாங்கோ."

மா சரிந்து மேசை முழுக்கப் போனது. யார் கூட்டியள்ளினார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஆசுபத்திரியில் டிலான் கட்டிலில் இருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஏதோ விசில் அடித்தது. தாதி ஒருத்தி அவனுடைய கழுத்துப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவன் கோட்டின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி தலையை ஆட்டினான். கட்டிலின் மற்றப் பக்கத்தில் வினிபிரட் சேலை நனைந்துபோய் நின்றாள்.

"இந்தப் பிள்ளை கையை எடுக்குதில்லை," என்றாள் தாதி. "நீங்களோ தாய்? சொல்லுங்கோ இவருக்கு."

டிலான் ஜெயந்தினியைக் கண்டான். கையை எடுக்கவில்லை.

"அம்மா... கழட்டட்டோ?"

"கழட்டு ராசா. கழட்டு."

"நீங்கள்... போகமாட்டியள்தானே?"

மூச்சுக்கு மூச்சு நின்று அவன் அதைக் கேட்டு முடித்தான். ஜெயந்தினி அவனுடைய விரல்களை விலத்தினாள். தானே பொத்தான்களைக் கழற்றினாள். எந்தக் கையால் பூட்டினாளோ அதே கை. கோட்டுக்குள்ளே பெனியன் தண்ணீரில் போட்டெடுத்த மாதிரி ஒட்டிக் கிடந்தது, உடம்பு தவளை மாதிரிக் குளிர்ந்திருந்தது. தாதி கோட்டைத் தூக்கினாள். அதன் பாரத்தைக் கண்டு, ஒருதரம் பிழிந்து பார்த்தாள். நிலத்தில் தண்ணீர் கொட்டியது.

"உதோடை எத்தினை மணித்தியாலம் பிள்ளையை வைச்சிருந்தனீங்கள்? நனைஞ்சதைப் போட்டுக்கொண்டு காத்துக்குள்ளை நிக்கிறதுக்கு, ஒண்டுமில்லாமல் நிண்டிருந்தால் இவருக்கு இவ்வளவுக்கு வந்திராது."

அவள் கோட்டை விறாந்தைக் கம்பியில் எறிந்துவிட்டு வந்து, டிலானின் மூக்கில் மூடியை வைத்து மருந்துப் புகையைத் திறந்துவிட்டாள். இரண்டு பேரையும் வெளியே போய் நிற்கச் சொன்னாள்.

விறாந்தை வாங்கில் ஜொய்சி இருந்தாள். ஒரு செட்டை கழன்று போயிருந்தது. மெல்லிய வெள்ளைச் சட்டை எப்போதோ காய்ந்துவிட்டது, தும்மல் கூட இல்லை. கேட்காமலே சொன்னாள்:

"மாமி கோட்டைக் கழட்டச் சொன்னவ. அண்ணை மாட்டன் எண்டிட்டார். அம்மா போயிடுவா எண்டு அழுதவர். மாமி சொன்னவ, சரி, கொம்மா சொன்னபடியே நில், கொம்மாவே வந்து பார்க்கட்டும் எண்டு."

ஜெயந்தினி வினிபிரட்டைப் பார்த்தாள். அந்த வசனம் இரண்டு வருஷத்துக்குப் பிறகு தானாகவே எழுந்து நாக்குக்கு வந்தது.

"றோசியைக் கொன்றது குளிர் இல்லை மச்சாள். நீங்கள் கட்டின சாக்கு. நனைஞ்ச சாக்கு. ஊருக்கே தெரியும், உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

எறிந்தாயிற்று. வினிபிரட் துடித்துப் போவாள், வாங்கில் இருந்து அழுவாள் என்றெல்லாம் அவள் பலதடவை நினைத்துப் பார்த்திருந்தாள். வினிபிரட் அழவில்லை. ஈரச் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாள்:

"எனக்குத் தெரியும். அண்டைக்குக் காலமை கயித்தை அவிழ்க்கேக்கையே தெரியும். ரண்டு வருசமாய்த் தெரியும். நீர் சொல்லித்தான் நான் அறியவேணுமே?" நிறுத்தினாள். "சாக்கை நான் கட்டினன், ஓம். கோட்டை ஆர் பூட்டினது?"

ஜெயந்தினிக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. ஆனால் அவளும் விடுகிற ஆள் இல்லை.

"தெரியுமெண்டால் ஏன் விட்டனீங்கள்? நனைஞ்சால் என்ன நடக்குமெண்டு கண்ணாலை கண்ட ஆள் நீங்கள். நான் காணேல்லை. ஒன்பது வயசுப் பிள்ளையின்ரை கையை விலத்திக் கழட்ட உங்களுக்குப் பலமில்லையே? என்னைப் பிழைகாரி ஆக்கிறதுக்கு அவனை மூண்டு மணித்தியாலம் நிக்கவிட்டனீங்கள்."

வினிபிரட் கையில் சுற்றியிருந்த சேலைத் தலைப்பை அவிழ்த்துப் பிழிந்தாள்.  

அந்த நேரம் பார்த்து ஜெயந்தினியின் போன் அடித்தது. கட்டார். யாரோ சபையிலிருந்து செய்தி சொல்லியிருக்கவேண்டும். படத்தோடு கதைக்கிற அழைப்பு. நேசராஜாவின் முகம் திரைக்குள் பெரிதாய் வந்தது.

"என்ன நடந்தது? பிள்ளைக்கு என்ன? திரும்பவும் பெனியனோடை விட்டனீரோ?"

வினிபிரட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஜெயந்தினி ஒரு சொல் மாற்றிச் சொன்னால் போதும். அக்கா ஈரக் கோட்டோடு நிற்கவிட்டா என்றால் அது பொய்யும் இல்லை. அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு அவள் முழுவீட்டையும் வெல்லலாம். மூடியிருந்த கதவுக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம் இன்னும் கேட்டது.

"இல்லை. கோட்டோடை விட்டனான்," என்றாள். போனைத் திருப்பிக் கம்பியில் தொங்கிய கோட்டைக் காட்டினாள். கோட்டின் கை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாய் விழுந்துகொண்டிருந்தது. "பாருங்கோ. நீங்கள் படம் கேட்ட கோட். கழட்டினால் அம்மா போயிடுவன் எண்டு சொல்லி என்ரை கையாலை பூட்டி அனுப்பினன். மழை நனைஞ்சும் அவன் கழட்டேல்லை. உங்கடை அக்கா கழட்டவைக்கேல்லை. நீங்கள் படத்தைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டினீங்கள். மூண்டுபேரும் சேர்ந்துதான் இவனை இஞ்சை கொண்டுவந்து போட்டனாங்கள். இனி இந்தப் பிள்ளையளின்ரை பொத்தானிலை ஆரும் கை வைக்கக்கூடாது. நானும்தான். அதுக்காக என்னை அனுப்பிறதெண்டால் அனுப்புங்கோ. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டுதான் போவன்."

 திரையில் நேசராஜாவின் முகம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தரும் ஓரிடமும் போகவேண்டாம்," என்றான் கடைசியில். "அக்கா பக்கத்திலையோ நிக்கிறா?"

"ஓம்."

"இனிப் படம் அனுப்ப வேண்டாமெண்டு சொல்லும்."

அவன் வைத்துவிட்டான். ஜெயந்தினி சொல்லவேண்டியிருக்கவில்லை. வினிபிரட்டுக்குக் கேட்டுவிட்டது. வென்றவள் மாதிரி நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று ஜெயந்தினி நினைத்தாள். ஆனால் வாங்கில் ஜொய்சிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள். வினிபிரட் வாங்கின் மற்ற முனையில் இருந்தாள்.  இந்தக் கதையை வைத்துக்கொண்டு அவர்கள் சமாதானமானார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஐந்தரை மணியளவில் தாதி கதவைத் திறந்தாள். மூச்சு இறங்கிவிட்டது, இன்றைக்கு இங்கேதான் இருக்கவேண்டும் என்றாள். டிலான் காய்ந்த பெனியன் ஒன்றோடு படுத்திருந்தான். உதட்டில் பழைய நிறம் திரும்பியிருந்தது. யன்னலால் வாடைக்காற்று வந்தது. இரண்டு பெண்களும் கட்டிலின் இரண்டு பக்கத்திலும் போய் நின்றார்கள். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"குளிருது," என்றான்.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாய்ச் சொன்னான். கால்மாட்டில் ஆசுபத்திரிப் போர்வை மடித்துக் கிடந்தது. ஜெயந்தினி ஒரு தலைப்பைப் பிடித்தாள். அதே நேரம் வினிபிரட் மற்றத் தலைப்பைப் பிடித்தாள். ஒருத்தியும் விடவில்லை. விட்டால் தோற்றுப் போனதாகிவிடும் என்ற மாதிரி, நீட்டின போர்வை அவனுக்கு மேலே படாமல் நடுவில் நின்றது.

டிலான் எழும்பி இருந்தான். இரண்டு கையாலும் அதை இழுத்தெடுத்தான்.

"விடுங்கோ ரண்டுபேரும். நான் போர்க்கிறன்."

கழுத்துவரை போர்த்திக்கொண்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.